மதுரை போய்ச் சேரும்போது நிமிர்ந்து நிற்கும் கார்

மண்டபத்தில் எங்களுக்கு ஐஸ் பிளான்ட் இருக்கிறது. அப்பா காலத்துத் தொழில், விசைப்படகுகளுக்கும் நண்டு, கணவாய் எடுக்கிற கம்பெனிகளுக்கும் பார் ஐஸ் போடுகிறோம். வருஷக்கணக்காக ஒரு பழைய டீசல் காரையே ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, வாழ்க்கையில் ஒரு தடவையாவது நல்ல வண்டி வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையில் வெளிநாட்டுக் கம்பெனியின் சொகுசு எஸ்.யு.வி. ஒன்றை மதுரையில் வாங்கினேன். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. கடைசியில் எழுத்தில் ஒரு சமாதானம் போட்டுக்கொண்டோம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வேறு கம்பெனி கார் வைத்திருக்கிறவர்களும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறார்கள். எக்ஸ் ஷோரூம் விலையே 70 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், அப்புறம் இன்சூரன்ஸ், 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். வேறு (விற்கிறவரே நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டுகிற வரி, இந்தப் பணத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் ஞாபகப்படுத்துங்கள்). இவ்வளவு கொட்டிக் கொடுத்த வண்டி வாங்கின சில வாரத்திலேயே படுத்துக்கொண்டது. படுத்துக்கொண்டது என்று சொல்வது பேச்சுக்காக இல்லை, நிஜமாகவே படுத்தது.

இந்த வண்டியில் ஸ்பிரிங் கிடையாது, ஏர் சஸ்பென்ஷன். நாலு சக்கரத்துக்கும் மேலே கம்பிச் சுருளுக்குப் பதில் ரப்பர் பை, அதற்குள் காற்று. ஒரு சின்ன கம்ப்ரசர் காற்றை அடிக்கும், ஒரு வால்வு பிளாக் எந்தப் பைக்கு எவ்வளவு போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும், ஒவ்வொரு மூலையிலும் இருக்கிற சென்சார் உயரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஓட்டும்போது சுகம்தான், அதை மறுக்க முடியாது, பாம்பன் பாலத்து ஜாயின்ட்டுகள் ஒன்றுகூடத் தெரியாது. ஒருநாள் காலையில் வீட்டு வாசலில் பார்க்கிறேன், முன்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலே வழக்கமாகக் கை நுழைகிற இடைவெளியில் விரல்தான் நுழைகிறது. ஸ்டார்ட் பண்ணினேன். கொஞ்ச நேரம் உர்ரென்று சத்தம், வண்டி தானாக எழுந்து நேராகிவிட்டது. தரை சமமில்லையோ என்று இடத்தை மாற்றி நிறுத்தினேன். மறுநாள் காலையிலும் அதே மூலைதான் இறங்கியிருந்தது.

சரி, புது வண்டி, வாரண்டி இருக்கிறது, கொண்டுபோய்க் காட்டினால் முடிந்தது என்று மதுரைக்குக் கிளம்பினேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இருக்கிற முதல் சிக்கலே இதுதான். ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்த மாதிரி வண்டிக்கு ஒர்க்‌ஷாப் கிடையாது, மண்டபத்திலிருந்து மதுரை சுமார் 150 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போனால் கம்ப்ரசர் வழியெல்லாம் காற்றை நிரப்பிக்கொண்டே வரும், ஒர்க்‌ஷாப் வாசலில் இறங்கும்போது வண்டி மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கும். சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். "சார், ஃபால்ட் கோட் எதுவும் இல்லை. நைட்ல காத்து குளுந்து சுருங்கும், கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், நார்மல்" என்றார். வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுத்தார்கள். ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது நம் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்குகிற தாளில், என்ன எழுதியிருந்தது என்று பிறகு பார்த்தபோது வயிறு எரிந்தது. "ஜெனரல் செக்கப்" என்று இரண்டே வார்த்தை. காற்று இறங்குகிறது என்று நான் சொன்ன பேச்சே அதில் இல்லை.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஜாப் கார்டில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையில் இருக்க வேண்டும். "சஸ்பென்ஷன் செக்" என்று எழுத விடாதீர்கள். "இரவு நிறுத்தினால் காலையில் முன் இடது மூலை மட்டும் இவ்வளவு மில்லிமீட்டர் இறங்குகிறது" என்று எழுதச் சொல்லி, படித்துப் பார்த்து, அதை போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். அப்படி எழுதுகிற ஆப்ஷன் சிஸ்டத்தில் இல்லை என்பார்கள். பேனாவால் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வண்டியை எடுக்கும்போது என்ன வேலை பார்த்தார்கள், என்ன பார்ட் மாற்றினார்கள் என்று பில் வாங்குங்கள், தொகை பூஜ்யமாக இருந்தாலும் வாங்குங்கள். வாரண்டி வேலைக்கு பில் கிடையாது என்று அனுப்பப் பார்ப்பார்கள். நாளைக்கு இதே பழுது திரும்பத் திரும்ப வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிவந்தால் அந்தப் பூஜ்ய பில்தான் பேசும். கம்ப்யூட்டரில் கோட் ஏதாவது வந்திருந்தால் அதை அழிப்பதற்கு முன்னால் பிரின்ட் கேளுங்கள், ஏனென்றால் வேலை முடிந்ததும் கோட்களை அழிப்பது அவர்கள் வழக்கம், அழித்தபின் அது வந்ததற்கு அத்தாட்சி உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் டேப் எடுத்தேன். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளவு, ராத்திரி நிறுத்தினதும் ஒரு தடவை, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஒரு தடவை. டேப்பும் சக்கரமும் ஒரே போட்டோவில் வருகிற மாதிரி, பக்கத்தில் அன்றைய தினசரியை வைத்து. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், என் மனைவி அதைத்தான் சொன்னாள். ஆனால் அந்த அளவுகள்தான் அட்வைசர் சொன்ன "நார்மல்" கதையை உடைத்தது. குளிரில் காற்று சுருங்கினால் நாலு மூலையும் கொஞ்சம் கொஞ்சம் இறங்க வேண்டும். மூன்று மூலையும் அசையாமல் நின்று ஒன்று மட்டும் விரல் கணக்கில் இறங்கினால் அதற்குப் பெயர் லீக், வேறொன்றும் இல்லை. அதுவும் கச்சான் காற்று அடித்து ராத்திரியிலும் வியர்த்துக்கொட்டுகிற மாதத்தில் குளிர்ச்சியைக் காரணம் சொன்னால் எப்படி?

அடுத்த முறை போனபோது உயரத்தை கேலிபிரேட் பண்ணியிருக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கேலிபிரேஷன் என்றால் சென்சாருக்கு எது சரியான உயரம் என்று புதிதாகச் சொல்லிக் கொடுப்பது, அவ்வளவுதான். ஓட்டை அடைபடாது. லீக் இருக்கிற வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு கேடும் உண்டு. கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், சூடாகும், ஒருநாள் கருகும். சின்ன லீக் பெரிய செலவாக மாறுவது அப்படித்தான். அந்த நாள் எங்களுக்குத் தேவிபட்டினத்தில் வந்தது. புது வண்டியை நவபாஷாணத்துக்குக் கொண்டுபோய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு வாங்கின நாளிலிருந்தே நச்சரிப்பு. கடலுக்குள் இருக்கிற ஒன்பது கல்லையும் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வண்டி முன்காலை மடித்த மாடு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் பண்ணினால் உர்ர் சத்தமே இல்லை, திரையில் சிவப்பு எழுத்தில் ஓட்டாதே என்கிறது. அம்மா ஒன்றும் பேசவில்லை, என்னைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். ஒன்பது கிரகத்துக்கும் எங்கள் வண்டியைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

ரோட் அசிஸ்டன்ஸுக்குப் போன் போட்டால் ஆளை அனுப்புகிறோம் என்றார்கள், ஆள் வரவேண்டியது மதுரையிலிருந்து. வெயிலில் நின்றோம், பிறகு அம்மாவை ஒரு வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் மட்டும் இருட்டுகிறவரை நின்றேன். நடுவில் உள்ளூர் ரெக்கவரி வண்டிக்காரர் ஒருவர் வந்து, கொக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி ராம்நாட்டுக்கு இழுத்துவிடலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நாலு சக்கரத்துக்கும் பவர் போகிற வண்டியை இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர் பாக்ஸ் பக்கம் சேதமாகும், கீழே உட்கார்ந்த ஏர் சஸ்பென்ஷனை வைத்துக்கொண்டு இழுத்தால் டயர் மட்கார்டில் உரசும். பிளாட்பெட் வண்டியில் மொத்தமாக ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வேறு ஆளை வைத்து இழுத்துச் சேதமானால் வாரண்டிக்காரர்களுக்கு அதுவே சாக்காகப் போய்விடும். இலவச டோயிங் எத்தனை கிலோமீட்டர் வரைக்கும், அதற்கு மேல் யார் பணம் என்பதை வண்டி வாங்கும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எங்களைப் போல கடல் ஓரத்தில் இருக்கிறவர்கள் முக்கியமாக.

பிளாட்பெட் வருவதற்குள் எங்கள் பிளான்ட் ஃபிட்டர் பைக்கில் வந்து சேர்ந்திருந்தார். அப்பா காலத்திலிருந்து எங்களிடம் இருக்கிறவர், அம்மோனியா லைனில் எங்கே கசிந்தாலும் மூக்காலேயே கண்டுபிடிப்பார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஏர் லைன்தானே? சோப்புத் தண்ணி அடிச்சுப் பாப்போமா?" என்றார். "ஒண்ணையும் கழட்டாதீங்கண்ணே, ஸ்பேனரே வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பக்கத்துக் கடையில் ஷாம்பு பாக்கெட் வாங்கி ஒரு ஸ்பிரே பாட்டிலில் கலக்கி, பானட்டைத் திறந்து, இடது பக்கம் ஸ்ட்ரட் (காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் ஏர் குழாய் வந்து சேருகிற ஃபிட்டிங் மேல் அடித்தார். பையில் மிச்சம் இருந்த காற்றுக்கே முட்டை முட்டையாகக் கொப்புளம் கிளம்பியது. வலது பக்கம் அதே இடத்தில் அடித்தால் ஒன்றுமே இல்லை. இரண்டையும் வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுத்தேன், அதிலேயே ஓடோமீட்டரையும் நம்பர் பிளேட்டையும் காட்டி. வெளி ஆள் கை வைத்தார் என்று சொல்ல இடம் கொடுக்காமல் இருப்பதற்காகத்தான் ஸ்பேனர் தொடக் கூடாது என்றேன், அது பின்னால் ரொம்ப உதவியது.

ஒர்க்‌ஷாப்பில் வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. முதலில் பார்ட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அப்புறம் பேச்சு மாறியது. ஒர்க்‌ஷாப் மேனேஜரே போனில் வந்து, "சார், உங்களுது கோஸ்டல் ஏரியா. உப்புக் காத்துல ஃபிட்டிங் அரிச்சிருக்கு. வெளிச்சூழல் பாதிப்பு வாரண்டில கவர் ஆகாது" என்று ஒரு எஸ்டிமேட் அனுப்பினார். ஸ்ட்ரட், கம்ப்ரசர், லேபர் எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உப்புக் காற்றோடு வாழ்கிற தொழில் எங்களுடையது, எது எத்தனை நாளில் துருப்பிடிக்கும் என்று ஒர்க்‌ஷாப் ஏசி அறையில் உட்கார்ந்து எனக்குச் சொல்லித்தர வேண்டாம். உப்பு அரித்தால் முதலில் வெளியே தெரிகிற போல்ட்டும் கிளாம்பும் பூக்கும், உள்ளே ரப்பர் சீல் போட்டு அழுத்தி மூடியிருக்கிற ஃபிட்டிங் மட்டும் சில வாரத்தில் அரித்துப்போய், பக்கத்துப் போல்ட் பளபளவென்று இருப்பது நடக்காது. வண்டியை விற்கும்போது என் முகவரியைப் பார்த்துத்தானே விற்றார்கள், ராமநாதபுரத்து டி.என். 65 நம்பரில் பதிவும் அவர்களே செய்து கொடுத்தார்களே, அப்போது கடல் எங்கே போயிருந்தது?

கோபத்தைப் போனில் காட்டவில்லை. இந்த இடத்தில்தான் பலர் கத்திவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள் அல்லது ஷோரூம் வாசலில் நின்று வீடியோ போடுகிறார்கள். நான் மெயில் எழுதினேன். மூன்றே கேள்வி. வாரண்டி புத்தகத்தின் எந்தப் பக்கம், எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள்? அரிப்பு இருக்கிறது என்றால் கழற்றிய பார்ட்டின் போட்டோ எங்கே? பழைய பார்ட்டை அப்படியே பத்திரமாக வைத்திருப்பீர்களா? கூடவே அளவு போட்டோக்கள், சோப்புத் தண்ணீர் வீடியோ, அடிப்பக்கம் கழுவின ரசீதுகள். டீலருக்கு மட்டும் அனுப்பாமல், கம்பெனியின் இந்தியத் தலைமை அலுவலகக் கஸ்டமர் கேருக்கும் காப்பி. போனில் சரளமாக வந்த உப்புக் காற்று, எழுத்தில் கேட்டதும் வரவே இல்லை. டெக்னிக்கல் டீமுக்கு கேஸ் அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, இப்படித் தொழிற்சாலைப் பக்கத்து டெக்னிக்கல் ஆட்களுக்கு டீலர் ஒரு கேஸ் திறக்க முடியும், அதற்கு நம்பர் உண்டு. அதை முதல் முறை போனபோதே கேட்டு வாங்கலாம். அதோடு வண்டியை ஒரு ராத்திரி அங்கேயே விட்டு, சாயங்காலமும் காலையிலும் அளந்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன். நிறுத்தி வைத்தால்தான் தெரிகிற பழுதை ஓட்டிப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

வக்கீலையும் பார்த்து வைத்தேன். அவர் சொன்னதில் பாதி எனக்கு அதுவரை தெரியாது. நம் நாட்டில் பழுதான புதுக் காரைத் திருப்பிக் கொடுக்க என்று தனிச் சட்டம் கிடையாது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள்தான் எல்லாம். எங்கே வழக்குப் போடுவது என்பது நாம் கேட்கிற நஷ்ட ஈட்டை வைத்து இல்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்து. 2021 டிசம்பரில் வந்த விதிப்படி 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். ஆகவே என் வண்டிக்கு ராமநாதபுரத்தில் போட முடியாது, மாநில ஆணையம்தான், நல்லவேளை அதற்கு மதுரையில் கிளை அமர்வு இருக்கிறது. நாம் குடியிருக்கிற இடத்தை வைத்தே போடலாம், கம்பெனி அலுவலகம் எங்கே இருக்கிறதோ அங்கே ஓட வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வண்டி எங்கள் ஐஸ் கம்பெனி பெயரில் இருப்பதால் வியாபாரத்துக்கு வாங்கினது, நீ நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடுமோ என்று பயந்தேன். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்குக் கம்பெனி வாங்கின சொகுசுக் காரை வியாபார நோக்கம் என்று சொல்ல முடியாது என்று 2024ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்றார். ஆனால் முழு வண்டியையும் மாற்றிக் கொடு என்று கேட்பது அவ்வளவு சுலபமில்லை, வாரண்டி என்பது பழுதான பார்ட்டை மாற்றித் தருவதற்குத்தான் என்று 2006லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, உற்பத்தியிலேயே இருந்த குறை என்று நிபுணர் அறிக்கையோடு நிரூபிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். புது வண்டி வாங்காமல் விடமாட்டேன் என்று போன எனக்கு அது கசந்தது. வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப் பிரதியை அழித்துவிடாதீர்கள், போனில் எடுத்த ஃபைல் அப்படியே இருக்கட்டும் என்பதும் அவர் சொன்னதுதான். வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்தேன், அது இலவசம். பிறகு வக்கீல் நோட்டீஸ்.

நோட்டீஸ் போன பிறகு எல்லாரும் இனிமையாகப் பேசினார்கள். ஸ்ட்ரட், ஏர் குழாய், கம்ப்ரசர், ரிலே எல்லாம் வாரண்டியிலேயே மாறியது. சமாதானமாக வாரண்டியை ஒரு வருஷம் நீட்டித்து, இந்த சஸ்பென்ஷன் பார்ட்டுகளுக்கு இடத்தைக் காரணம் காட்டி மறுக்க மாட்டோம் என்று கடிதமும் கொடுத்தார்கள். அந்த ஒரு வரியை எழுத வைக்கத்தான் அதிக நாள் ஆனது. ஃபிட்டிங்கில் சீல் சரியாக உட்காரவில்லை என்று டெக்னீஷியன் பையன் ஒருவன் தனியாகச் சொன்னான், எழுத்தில் அது எங்கேயும் இல்லை. வண்டி நின்ற காலத்தில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டே வாடகைக் காரில் போனேன். வாடகை, மதுரையில் தங்கினது, வக்கீல் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் கைவிட்டுப் போனது. மாற்று வண்டி கேட்டதற்கு மதுரைக்குள் ஓட்டுவதற்கு மட்டும்தான் தர முடியும் என்றார்கள், அதை வைத்து நான் மண்டபத்தில் என்ன செய்ய? இதைவிட, அம்மா அதன் பிறகு அந்த வண்டியில் தேவிபட்டினம் தாண்டி வர மாட்டேன் என்கிறார், அதற்கு எந்த ஆணையத்தில் போவது.

கடிதம் கையில் இருந்தாலும் உப்பு என்ற சாக்குக்கு இனி இடம் கொடுப்பதில்லை. தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன், எங்கள் ஊர் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம். காவிரிக் குடிநீரைக் காரில் ஊற்ற மனசு வராது, அதனால் ராம்நாட்டில் லிஃப்ட் வைத்துக் கழுவுகிற இடத்தில் ரசீதோடு கழுவுகிறேன். ஈரமான வண்டியை இறுக்கமான கவர் போட்டு மூடுவதில்லை, உள்ளே புழுங்கி இன்னும் கெடும். தொண்டியில் இருக்கிற என் மச்சான் அதே மாடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண ஸ்பிரிங் உள்ள வேரியன்ட் இருக்கிறதே, நம் பக்கத்துக்கு அது போதும் மச்சான், சுகம் கொஞ்சம் குறையும், தலைவலியும் குறையும் என்றேன். அவருக்கு வெள்ளை நிறத்தில் ஏர் சஸ்பென்ஷன் உள்ளதுதான் உடனே கிடைக்கிறதாம். அப்படியே வாங்குவதாக இருந்தால், ஃபார்ம் 22ல் (வண்டியோடு கம்பெனி தருகிற சான்றிதழ்) தயாரித்த மாதத்தைப் பாருங்கள், யார்டில் எத்தனை நாள் நின்றது என்று தெரியும், பதிவுக்கு முன்னால் ஒரு ராத்திரி ஷோரூமிலேயே நிறுத்தி நாலு மூலையையும் அளக்கச் சொல்லுங்கள், பதிவாகிவிட்டால் அப்புறம் அது உங்கள் வண்டி, உங்கள் பாடு என்று சொல்லியிருக்கிறேன். ஷோரூம்காரர்கள் அளப்பதற்கு ஒப்புக்கொண்டார்களா என்று இந்த வாரம் தெரியும்.